திறந்தும் திறவாத கோப்பு

திறக்க மறுக்கும் கோப்பால் பெரிய தீங்கில்லை. இங்கே தன்னைப் படிக்க முடியாது என்று அது சொல்லிவிடுகிறது. நாமும் வேறு கணினியையோ வேறு மென்பொருளையோ தேடிப் போகிறோம். நெடுநாளாக உறுத்திக்கொண்டிருப்பது வேறு வகைக் கோப்பு. மேசைக்கணினியில் எழுதி முடித்த ஒரு கட்டுரை கைபேசியில் தொட்டவுடன் திறந்துகொள்கிறது. தலைப்பு இருக்கிறது, பத்திகள் இருக்கின்றன, படமும் ஏறக்குறைய வைத்த இடத்தில் இருக்கிறது. ஆனால் அட்டவணையின் கடைசி நிரல் திரைக்கு வெளியே போய்விட்டது. எழுத்துரு மாறியதில் வரிகள் நகர்ந்து, உள்ளடக்கப் பட்டியலில் 40-ஆம் பக்கம் என்று போட்டிருப்பது 43-ஆம் பக்கத்தில் கிடக்கிறது. ஓரத்தில் ஆசிரியர் எழுதியிருந்த திருத்தக் குறிப்புகளைக் காணவில்லை. கட்டைவிரலால் இரண்டு எழுத்தைத் திருத்திச் சேமித்துத் திருப்பி அனுப்பினால், கணினியில் வந்து சேர்வது அனுப்பிய கட்டுரையைப் போன்ற இன்னொன்று. இடையில் எது போயிற்று, எது புதிதாக வந்தது என்று இரண்டு கருவிகளும் ஒரு சொல் சொல்வதில்லை. கோப்பு திறந்துவிட்டதே போதும் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. அப்படித் தோன்றுவதுதான் என் கவலை. பொருந்தாமை வெளிப்படையாகத் தெரிந்த காலம் போய், பொருந்தியதுபோல் காட்டிக்கொள்ளும் காலத்துக்கு வந்திருக்கிறோம். இந்த மாற்றத்தை வசதி என்று மட்டுமே எண்ணிக்கொண்டும் இருக்கிறோம்.

கோப்புக்குள் இருப்பவை எண்கள். எண்களைத் தவிர வேறொன்றும் இல்லை. 65 என்ற எண் ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்தைக் குறிக்கும் என்று 1960-களில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி அட்டவணை சொல்கிறது. அந்த அட்டவணையை ஒப்புக்கொண்ட கருவிகளில் எல்லாம் அது அந்த எழுத்தாகத் தெரிகிறது. ஒப்புக்கொள்ளாத கருவியில் அது வெறும் 65. ஆகவே பொருத்தம் என்பது இயந்திரத்தின் திறமையில் இல்லை. மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையில் இருக்கிறது. இதைத் தமிழர்களைவிடக் கசப்பாக அறிந்தவர்கள் குறைவு. பாமினி எழுத்துருவைப் போட்டுக்கொண்டு ‘தமிழ்’ என்று தட்டினால் கோப்புக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். கோப்பில் தமிழ் இல்லை. அந்தக் கணினியில் நிறுவியிருந்த எழுத்துருதான், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து காட்டிக்கொண்டிருந்தது. பாமினி இல்லாத கைபேசிக்கு அதே கோப்பு வரும்போது, திரை நிறைய ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் நெரிசலாக வந்து நிற்கின்றன. கோப்பு கெட்டுவிட்டது என்கிறோம். அதில் ஓர் எண்கூட மாறவில்லை. எப்போதும் அதில் இருந்ததைத்தான் கைபேசி முதல் தடவையாக உள்ளபடி காட்டியது.

இப்படிப்பட்ட கோப்புகள் ஏராளம். இலங்கையிலும் புலம்பெயர்ந்த ஈழத்தமிழரிடத்திலும் பாமினி, தமிழ்நாட்டு அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் ஸ்ரீலிபி, வானவில் என்று ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அட்டவணை வைத்திருந்தது. சந்தையில் முத்திரை குத்திய படி ஒன்று இல்லாமல், ஒவ்வொரு கடைக்காரரும் தன் வீட்டுப் படியில் அளந்துகொண்டிருந்த நிலைமை. முத்திரைப் படிக்கான முயற்சிகள் இல்லாமலில்லை. பல நாடுகளில் இருந்த தமிழ் ஆர்வலர்கள் இணையவழியே விவாதித்துத் திஸ்கி என்ற குறியேற்றத்தை, அதாவது பொது எண் அட்டவணையை, உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு டாப், டாம் என்ற இரண்டு குறியேற்றங்களையும் ஒரு விசைப்பலகை அமைப்பையும் அறிவித்தது. விசைப்பலகை நிலைத்தது, குறியேற்றங்கள் நிலைக்கவில்லை. பல மொழிகளுக்குப் பொதுவான அட்டவணையாக 1991-லேயே முதல் பதிப்பு வெளிவந்த யூனிகோடில் தமிழுக்கு இடம் இருந்தும், சாதாரணக் கணினியில் அது ஒழுங்காகத் தெரியவும் தட்டவும் விண்டோஸ் 2000 வரவேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் அச்சகங்கள் அசையவில்லை. அசையவேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. அந்தக் கோப்பு அந்தக் கடையிலேயே பிறந்து, அந்தக் கடையின் அச்சுப்பொறியில் தாளாகி முடிந்தது. வெளியே போனது தாள், கோப்பு போகவில்லை. தாளைப் படிக்க எழுத்துரு தேவையில்லை.

கைபேசி வந்ததும் இந்தக் கணக்கு தலைகீழானது. தாளுக்குப் பதிலாகக் கோப்பே பயணம் செய்யத் தொடங்கியது. நினைத்தபோது எழுத்துருவை நிறுவிக்கொள்ள இடந்தராத கருவிகள், தமிழைப் பொறுத்தவரை யூனிகோடு ஒன்றையே அறிந்திருந்தன. தொடக்க கால ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அதுவும் இல்லாமல் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தது என்பதும் உண்மை. ஆனால் வந்தபோது யூனிகோடாகவே வந்தது. அரசாணைகளும் மாநாட்டுத் தீர்மானங்களும் பல ஆண்டுகளாகச் செய்ய முடியாததை, பையில் கிடந்த ஒரு கருவி ஓசையில்லாமல் செய்துவிட்டது. இதிலிருந்து ஒரு முடிவுக்குப் போக ஆசை எழுகிறது: காலப்போக்கில் எல்லாம் தானாகச் சரியாகும், சந்தை ஒரே தரத்தில் வந்து நிற்கும், கவலைப்பட ஒன்றுமில்லை என்று. அந்த ஆசைக்கு இடங்கொடுக்காமல் நம்மைத் தடுப்பது மியான்மரின் அனுபவம்.

பர்மிய மொழியில் நடந்தது நேர்மாறு. அங்கே ஸவ்ஜி என்ற எழுத்துரு, யூனிகோடு பர்மியத்துக்கு ஒதுக்கிய அதே எண்களை எடுத்துக்கொண்டு, அவற்றுக்குத் தன் விருப்பப்படி வேறு வடிவங்களைப் பொருத்தியது. கைபேசிகள் ஸவ்ஜியோடு விற்பனைக்கு வந்தன. நாடு முழுவதும் கைபேசி வழியாகவே இணையத்துக்குள் நுழைந்ததால், தனியார் அட்டவணையே பொது வழக்கமாயிற்று. யூனிகோடில் இயங்கிய கணினியில் எழுதியது கைபேசியில் குழம்பியது. கைபேசியில் எழுதியது கணினியில் குழம்பியது. இரண்டும் ஒரே எண்களைப் பயன்படுத்தியதால், ஒரு வரி எந்த முறையில் எழுதப்பட்டது என்பதைக் கணினி ஊகிக்கத்தான் முடிந்தது. இதைவிடக் கனமான விஷயம் ஒன்றுண்டு. ஷான், மோன், கரேன் முதலிய மொழிகளின் எழுத்துகளுக்காக யூனிகோடு ஒதுக்கிவைத்திருந்த இடங்களையும் ஸவ்ஜி பர்மிய எழுத்தின் மாற்று வடிவங்களுக்கு எடுத்துக்கொண்டது. பெரும்பான்மையின் கைபேசியில் பர்மியம் அழகாகத் தெரிந்தது. அந்த அழகின் விலையாகச் சிறுபான்மையினர் தம் மொழியை அதே கைபேசியில் எழுத முடியாமல் போனது. 2019 அக்டோபர் 1-ஐ நாடு யூனிகோடுக்கு மாறும் நாளாக அறிவிக்க வேண்டியிருந்தது. ஆகவே கைபேசி தன்னளவில் ஒற்றுமையையும் கொண்டுவருவதில்லை, பிளவையும் கொண்டுவருவதில்லை. எந்த உடன்படிக்கையை அதற்குள் வைத்து விற்கிறார்களோ அதைப் பெருக்குகிறது. தமிழுக்கு அது நன்றாக அமைந்தது, அமையாமலும் போயிருக்கலாம்.

யூனிகோடு வந்ததோடு எழுத்துச் சிக்கல் தீர்ந்தது என்று சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. அதற்குள்ளேயே நுண்ணிய பிளவுகள் உண்டு. இவை கண்ணுக்கே தெரியாதவை. ‘கோ’ என்ற எழுத்தைக் ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு எண்களில் எழுதலாம். ககரம், இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்று மூன்று எண்களிலும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதி சொல்கிறது. ஆனால் ஆப்பிள் கணினிகளில் 1998 முதல் வெகுகாலம் இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை, கோப்பின் பெயரில் வரும் ஓகாரத்தைப் பிரித்து மூன்றாக்கியே வைத்தது. விண்டோஸ் தட்டியது தட்டியபடி வைத்தது. ‘கோவில்’ என்று பெயரிட்ட கோப்பு அங்கிருந்து இங்கே வந்தால், இங்கே ஏற்கெனவே இருக்கும் ‘கோவில்’ கோப்போடு அது சேர்வதில்லை. ஒரே கோப்புறையில் கண்ணுக்கு ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் அருகருகே நிற்கும். தேடினால் ஒன்றுதான் அகப்படும். ‘ஸ்ரீ’ என்பதும் இப்படித்தான். சகர வரிசைக் கிரந்த எழுத்து ஒன்று 2005-இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட பின், அந்த எழுத்தை இரண்டு வழிகளில் எழுத முடிகிறது. பெயர்ப் பட்டியல் ஒன்றில் ஒருவர் பெயர் ஒரு வழியில் ஏறியிருக்க, கைபேசியில் மறுவழியில் தட்டித் தேடினால் அவர் இல்லை என்றே பதில் வரும். பிடிஎஃப் கோப்பின் கதையும் இதையொட்டியது. அது எழுத்துகளைக் காட்டிலும் எழுத்தின் உருவங்களையும் அவை தாளில் நிற்கும் இடங்களையுமே முதன்மையாகப் பதிகிறது. கவனமில்லாமல் உருவாக்கிய பிடிஎஃப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்தால், கொம்பு முன்னால் தனியே நிற்க, மெய் பின்னால் வருகிறது. படிக்கும் கண்ணுக்குப் பக்கம் முழுமையானது. தேடும் கருவிக்கும், பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கும் அது சிதறல்.

எழுத்திலிருந்து ஆவணத்துக்கு வந்தால் உடன்படிக்கையின் இன்னொரு முகம் தெரிகிறது. ஓடிஎஃப் ஆவண வடிவம் 2006-இல் ஐஎஸ்ஓ தரமாயிற்று. மைக்ரோசாஃப்டின் டாக்எக்ஸ் குடும்பம் 2008-இல் ஆயிற்று. இரண்டின் விவரமும் எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருக்கிறது. அப்படியானால் ஏன் ஒரே டாக்எக்ஸ் கணினியில் ஒன்றாகவும் கைபேசியில் வேறாகவும் நிற்கிறது? முதலில் வெளிவந்த டாக்எக்ஸ் விவரணம் 6,000 பக்கங்களுக்கு மேல். அத்தனையையும் நிறைவேற்றும் மென்பொருளை எழுதுவது மிகச் சிலருக்கே ஆகும். கைபேசிச் செயலிகள் தமக்கு வேண்டிய பகுதியை எடுத்துக்கொண்டு மீதியை விடுகின்றன. விட்ட பகுதியைத் தொடாமல் திரும்ப எழுதிவைப்பது நல்ல செயலி. பல செயலிகள் அதையும் செய்வதில்லை. தவிர, ஆவணத்தோடு எழுத்துரு இயல்பாகப் பயணம் செய்வதில்லை. பெயர் மட்டுமே போகிறது. போன இடத்தில் அந்தப் பெயரில் எழுத்துரு இல்லாவிட்டால் இருப்பதில் ஒன்று அமர்த்தப்படுகிறது. ஆக, ஏட்டில் பொதுவாக இருப்பது போதாது. எவரும் நிறைவேற்றக்கூடிய அளவில் இருக்கவேண்டும். நிறைவேற்றியதைச் சோதிக்க வழி வேண்டும். பிரிட்டிஷ் அரசு 2014-இல் தன் அலுவலகங்கள் திருத்தத்துக்குரிய ஆவணங்களைப் பகிர ஓடிஎஃப் வடிவத்தைத் தேர்ந்தது. குடிமகன் எந்த மென்பொருளை வாங்கவேண்டும் என்பதை அரசின் கோப்பு வடிவம் முடிவு செய்யக்கூடாது என்பதே அதன் அடிப்படை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். எல்லாவற்றையும் பொது வடிவத்தில் கட்டிப்போட்டால் புதியது எப்படி வரும்? ஐபோன் 2017-இல் எச்இஐசி படவடிவத்துக்கு மாறியது இதற்கு நல்ல சான்று. 1992-இல் வந்த ஜேபெக் வடிவத்தில் பிடிக்கும் இடத்தில் ஏறக்குறையப் பாதியிலேயே அதே தரத்தில் படம் அடங்குகிறது. இதை வேண்டாம் என்று எவர் சொல்வார்? நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படம் விண்டோஸ் கணினிக்கு வந்தபோது நடந்ததையும் பார்க்கவேண்டும். எச்இஐசி வடிவமும் ஒரு சர்வதேசத் தரம்தான், ரகசியம் ஒன்றுமில்லை. அதன் உள்ளே படத்தைச் சுருக்கும் முறையின்மேல் பலருடைய காப்புரிமைகள் இருந்தன. ஆகவே அதைத் திறக்கும் துணைப்பகுதி விண்டோஸோடு இயல்பாக வராமல், தனியே காசு கொடுத்து வாங்க வேண்டியதாக இருந்தது. ஒருவர் தன் கைபேசியில் எடுத்த படத்தைத் தன் கணினியிலேயே பார்க்க இன்னொருவரின் காப்புரிமைக்குக் காசு கட்ட வேண்டியிருந்தது. ராயல்டி இல்லாத ஏவிஐஎஃப் வடிவம் 2019-இல் வந்தபோது, இதே அளவு சுருக்கத்தைக் காப்புரிமைக் கட்டணமின்றியும் செய்யலாம் என்று தெரிந்தது. அதனால் புதுமைக்கும் பொதுமைக்கும் பகை என்பதை ஏற்க முடியவில்லை. பகை இருப்பது பொதுமைக்கும் சுங்கச்சாவடிக்கும் இடையே. இந்தத் தொல்லையைத் தவிர்க்க, படத்தைக் கணினிக்கு மாற்றும்போது தானாகவே ஜேபெக்காக்கிக் கொடுக்கும் வசதி ஐபோனில் இருக்கிறது. அது உதவிதான், மூலமும் நகலும் ஒன்றென நம்பவைக்கும் உதவி. வாட்சப்பில் படமாக அனுப்பும்போது அது சுருங்குவதோடு, எடுத்த நாளும் இடமும் அதிலிருந்து நீங்கிவிடுகின்றன. அப்படி வந்த படங்களைக் கணினியில் சேர்த்துவைக்கும் குடும்பத்துக்குத் திருமணமும் பிறப்பும் இறப்பும் எந்த நாளில் நடந்தன என்று படம் சொல்லாது.

இதுவரை சொன்னவை கோப்பு ஒன்று இருந்து, அது பொருந்தாமல் போவதைப் பற்றியவை. கோப்பே கண்ணில் படாமல் போவது இன்னும் ஆழமான மாற்றம். 2007-இல் வந்த ஐபோனில் கோப்புகளைப் பார்க்கும் இடமே கிடையாது; அதற்கென ஒரு செயலி வர 2017 ஆயிற்று. ஆண்ட்ராய்டு தொடக்கத்தில் திறந்த கோப்புறைகளோடு வந்து, 2020-இல் 11-ஆம் பதிப்பிலிருந்து செயலிகளின் கோப்புறைகளைப் பெரிதும் மூடிக்கொண்டது. ஒவ்வொரு செயலியும் தன் தரவைத் தன் அறைக்குள் வைத்துக்கொள்கிறது. இதற்குப் பாதுகாப்பு என்ற காரணம் சொல்லப்படுகிறது, காரணம் மெய்யானது. கைவிளக்குச் செயலி ஒன்று நம் வங்கிக் கடிதங்களைப் படிக்கக்கூடாது. அறைச்சுவர் வேண்டும். என் கேள்வி சுவரைப் பற்றியது இல்லை. உரியவர் தன் பொருளை எடுத்துக்கொண்டு வெளியேற வாசல் இருக்கிறதா என்பது. வாட்சப் உரையாடல்களை ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கோ அங்கிருந்து இங்கோ கொண்டுபோகப் பல ஆண்டுகள் முறையான வழியே இல்லை. 2021-இல் ஐபோனிலிருந்து சில சாம்சங் கைபேசிகளுக்கும், 2022-இல் மறுதிசையிலும் வழி வந்தது. இரண்டு பக்கமும் இருந்தது ஒரே நிறுவனத்தின் ஒரே செயலி. ஒரே வீட்டின் இரண்டு அறைகளுக்கு இடையே கதவு இல்லாததற்குத் தொழில்நுட்பத்தின் எல்லை காரணமாக இருக்க முடியாது. ஒரு பக்கத்தின் காப்புநகல் கூகுளிடமும் மறுபக்கத்தின் காப்புநகல் ஆப்பிளிடமும் சேர்த்துவைக்கப்பட்டதும், வெளியேறுபவருக்காக வேலை செய்யும் அவசரம் எவருக்கும் இல்லாததுமே காரணம் என்று கருதுகிறேன்.

கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைவதே பழங்காலத்துப் பழக்கம், எல்லாம் இனி மேகக்கணிமையில் இருக்கும், கைபேசியும் கணினியும் ஒரே இடத்தைத் திறந்து பார்க்கும் இரண்டு சன்னல்கள்தாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அன்றாட வேலைக்கு இது பெரும் நிம்மதி என்பதை மறுக்கவில்லை. ஒரே ஆவணத்தில் நால்வர் நான்கு ஊர்களிலிருந்து எழுதுவது முன்பு இயலாத காரியம். எனினும் இது பொருத்தச் சிக்கலைத் தீர்க்கவில்லை, தள்ளிப்போடுகிறது. கூகுள் டிரைவைக் கணினியோடு இணைத்தால், கோப்புறையில் கூகுள் ஆவணங்கள் வரிசையாகத் தெரியும். அவற்றில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கட்டுரை இருக்காது. கட்டுரை இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே இருக்கும். அதைப் பென்டிரைவில் எடுத்துவைப்பவர் முகவரிச் சீட்டைத்தான் எடுத்துவைக்கிறார். கணக்கு முடங்கினால், கட்டணம் தவறினால், சேவை மூடப்பட்டால் சீட்டால் பயனில்லை. கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019-இல் மூடப்பட்டது. மூடுமுன் தரவை எடுத்துக்கொள்ள வாய்ப்புத் தந்தார்கள், எடுக்காதவர்களின் எழுத்து அழிக்கப்பட்டது. எடுத்தவர்களும் அதை எதில் திறந்து படிப்பது என்ற கேள்விக்கே திரும்பி வந்தார்கள். மேகத்திலிருந்து இறங்கும் எதுவும் தரையில் ஒரு கோப்பாகத்தான் இறங்கவேண்டும். அந்தக் கோப்பின் வடிவம் யாருடையது என்ற கேள்வி அப்போதும் காத்திருக்கும்.

எல்லாவற்றிலும் கடினமான மறுப்பு ஒன்றுண்டு. பொதுத்தரம் என்று நாம் போற்றுவதும் வலியவர்களின் மேசையில் எழுதப்பட்டதே என்பது. யூனிகோடு சேர்த்தியத்தின் முழு வாக்குரிமை உறுப்பினர்களில் பெரிய கணினி நிறுவனங்களே முதன்மை. தமிழுக்கு அது கொடுத்த 128 இடங்களின் அமைப்பு, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்த இஸ்கி அட்டவணையை ஒட்டியது. தமிழின் உயிர்மெய் அமைப்பை ஆராய்ந்து எழுந்ததன்று. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும் என்ற வாதத்திலிருந்து டேஸ் 16 என்ற குறியேற்றம் பிறந்தது. 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தரங்களாக ஏற்றது. மொழியியல் நோக்கில் டேஸ் 16-க்கு ஆதரவான வாதங்களில் வலு இருக்கிறது. ‘கோ’ இரண்டாகவோ மூன்றாகவோ பிரியும் சிக்கலே அதில் எழாது. இருந்தும் எந்தக் கைபேசியும் அதை இயல்பாகத் திறப்பதில்லை. அது செம்மையாக இருந்தும் தனியே நிற்கிறது; குறையுள்ள யூனிகோடு எல்லா இடத்திலும் திறக்கிறது. இதைக் கண்டு வலியவரின் முடிவே சரியான முடிவு என்று சொல்ல நான் வரவில்லை. தரம் வகுக்கும் மேசைக்குத் தாமதமாகப் போனவர்கள் கொடுக்கும் விலை இது. மேசையை விட்டு எழுந்துபோவதால் அந்த விலை குறையாது. தனி அட்டவணைகளின் காலத்தில் பட்டது போதும். குறையுள்ள பொது உடன்படிக்கையைத் திருத்தலாம். யாரிடமும் இல்லாத தனியார் உடன்படிக்கையைத் திருத்த ஆளே கிடையாது.

மதுரைத் திட்டம் இதற்கு நேரடிச் சாட்சி. தமிழ் நூல்களை மின்வடிவாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய அந்தத் தன்னார்வப் பணியில் தொடக்க ஆண்டுகளின் நூல்கள் திஸ்கியில் ஏற்றப்பட்டன. பின்னர் யூனிகோடு வந்தபோது அவை யூனிகோடுக்கு மாற்றப்பட்டன. இன்று எந்தக் கைபேசியிலும் படிக்கக் கிடைக்கின்றன. திஸ்கி தோற்றுப்போன குறியேற்றம். ஆனால் அதன் அட்டவணை எல்லாருக்கும் தெரிந்ததாக இருந்ததால், அதில் எழுதியவை தோற்கவில்லை. தனியார் எழுத்துருக்களின் நிலை வேறு. அவற்றின் அட்டவணையை ஆர்வலர்கள் ஒவ்வோர் எழுத்தாகத் துருவிக் கண்டுபிடித்து மாற்றிகள் எழுதவேண்டியிருந்தது. பாமினியில் எழுதிய கட்டுரையின் நடுவே ஓர் ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழென எண்ணி மாற்றிகள் குதறிவிடுகின்றன. எது தமிழ், எது ஆங்கிலம் என்பதை எண்கள் சொல்வதில்லை, எழுத்துருவின் பெயர் மட்டுமே சொல்லும், வெறும் உரையாக நகலெடுக்கும்போது அந்தப் பெயர் உதிர்ந்துவிடுகிறது. ஒரு வடிவம் நிலைக்குமா என்பதை முன்கூட்டி அறிய முடியாது. அது போகும்போது தன்னிடம் இருப்பதைக் கொடுத்துவிட்டுப் போகுமா என்பதை அறிய முடியும். கோப்பு வடிவத்தைத் தேர்பவர்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுவே.

சட்டத்தால் ஆகக்கூடியதும் கொஞ்சம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் கைபேசிகளுக்கு 2024 டிசம்பர் இறுதியிலிருந்து யூஎஸ்பி-சி மின்னேற்றத் துளை கட்டாயம். ஐபோன் 2023-லேயே அதற்கு மாறியது. வயரில் முடிந்தது வடிவத்தில் முடியாது என்று சொல்வதற்கில்லை. இந்திய அரசும் மின்னாளுமைக்கான திறந்த தரங்கள் பற்றிய கொள்கையை 2010-இல் அறிவித்தது. கொள்கை இருக்கிறது; அலுவலக மேசையில் இன்னும் பழைய எழுத்துருவில் தட்டிய சுற்றறிக்கை இருக்கிறது. அதைக் கைபேசி மட்டுமே வைத்திருப்பவர் திறக்கும்போது குறியீட்டு நெரிசலைப் பார்த்துவிட்டு, தனக்குத்தான் ஏதோ தெரியவில்லை என்று எண்ணிக்கொள்கிறார். பொருத்தமின்மையின் சுமை எப்போதும் கீழ்நோக்கியே இறங்குகிறது. இரண்டு கருவியும் வைத்திருப்பவருக்கு அது எரிச்சல். ஒன்று மட்டும் வைத்திருப்பவருக்கு அது மூடிய கதவு.

இந்தக் கவலை சிறுபத்திரிகைகளுக்கு நெருக்கமானது. 1990-களிலும் அதற்குப் பிறகும் வந்த இதழ்களில் எத்தனையோ பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், தனியார் எழுத்துருவில் வடிவமைக்கப்பட்டவை. பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். அந்தக் கோப்புகளைக் கைபேசி திறக்காது. இன்று வாங்கும் கணினியும் பெரும்பாலும் திறக்காது. ஒளிவருடிப் பிடிஎஃப் ஆக்கிவிட்டோம் என்பது பாதி விடைதான். படமாகிப்போன பக்கத்தில் ஒரு சொல்லைத் தேட முடியாது. இதழ் நடத்தியவர்களும் நடத்துகிறவர்களும் பழைய கோப்புகளிலிருந்து உரையை யூனிகோடுக்கு மாற்றி, வெறும் உரையாக ஒரு படியும் திறந்த ஆவண வடிவில் ஒரு படியும் எடுத்துவைக்க வேண்டும். மாற்றியதை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் படிக்க ஆள் வேண்டும். எழுத்துரு விற்ற நிறுவனங்கள், இனி விற்பனைக்கு இல்லாத எழுத்துருக்களின் அட்டவணைகளையாவது பொதுவில் வைக்கவேண்டும். அவர்களுக்கு இதில் இழப்பு ஏதுமில்லை. புதிதாக எழுதுகிறவர்கள் அனுப்பிய கோப்பு போன இடத்தில் திறந்ததா என்று கேட்பதோடு நிற்காமல், எழுதியபடி திறந்ததா என்று கேட்கவேண்டும். இந்த வேலைக்குக் காலம் குறைவு. பேஜ்மேக்கரும் அந்த எழுத்துருக்களும் நிறுவிய பழைய கணினிகள் ஒவ்வொன்றாகப் பழுதாகிக்கொண்டிருக்கின்றன.